அவள் அழுத்திய புள்ளி

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் அம்மாவை விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். கிருமித் தொற்று. ரத்த அழுத்தம் ரொம்பவே இறங்கிவிட்டது. அதை ஏற்றுகிற மருந்து ஒரு சின்ன மெஷின் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. மணிக்கு எத்தனை மில்லி என்று நம்பரைத் தட்டிவிட்டால் மெஷின் பார்த்துக்கொள்ளும்.

எனக்குச் சோறு போடுவதே அந்த மாதிரி மெஷின்கள்தான். எந்த பட்டனை எந்த வரிசையில் அழுத்தினாலும் நோயாளிக்கு ஆபத்து வராது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு நிரூபிக்கிற வேலை. திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். "பட்டன் அமுக்கிப் பாக்கறதுக்கா சம்பளம்?" என்று அண்ணன் எப்போதும் கிண்டலடிப்பான்.

அன்று மதியம் டாக்டர் மருந்தை இரண்டரையாகக் குறைக்கச் சொன்னார். டியூட்டியில் இருந்த சிஸ்டர் சின்னப் பெண். அவள் நம்பரைத் தட்டும்போதே கரண்ட் போனது. எல்லா மெஷினும் பேட்டரிக்கு மாறி ஒரே நேரத்தில் கத்தின. அம்மா அரை மயக்கத்தில் கையிலிருந்த குழாயைப் பிடித்து இழுக்க, சிஸ்டர் தட்டி முடித்துவிட்டு அம்மா கையைப் பிடிக்கத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் அம்மா, "தலை வெடிக்குதுடி" என்று அலறினாள். சிஸ்டர்தான் பாய்ந்து மெஷினை நிறுத்தினாள். திரையில் இரண்டு புள்ளி ஐந்துக்குப் பதிலாக இருபத்தைந்து என்று இருந்தது. பத்து மடங்கு மருந்து. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அம்மா இல்லை.

அண்ணன் ஆஸ்பத்திரியையே இரண்டாக்கிவிட்டான். அந்தப் பெண் அழுதுகொண்டே என்னிடம், "புள்ளி அமுக்கினேன்க்கா. அமுக்கிக்கினு இருக்கும்போதுதான் கரண்ட் போச்சு, சத்தியமா அமுக்கினேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மெஷின் மேல் தப்பு இருக்கலாம், பார்த்துச் சொல்கிறேன் என்று ஆஸ்பத்திரி மேனேஜரிடம் கெஞ்சினேன். இத்தனை வருஷமாக ஓடுகிற மெஷின் என்றார் அவர். அண்ணன், "உனுக்கு அம்மா முக்கியமா, அந்தப் பொண்ணு முக்கியமா?" என்றான். சாயங்காலமே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அம்மா தேறி வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னால் உட்கார முடிந்தது. அந்த மெஷின் நடந்துகொள்ளும் விதத்தை அதன் கையேட்டைப் பார்த்து அப்படியே கம்ப்யூட்டரில் எழுதி ஓடவிட்டேன். விடை வந்துவிட்டது. அலாரம் கத்தும்போது முதலில் அழுத்துகிற பட்டன் எதுவானாலும், மெஷின் அதை அலாரத்தை நிறுத்தச் சொன்னதாக மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரண்டைத் தட்டினாள், கரண்ட் போய் அலாரம் அடித்தது, புள்ளியை அமுக்கினாள். அலாரம் நின்றது, புள்ளி விழவில்லை. அடுத்து ஐந்து, இருபத்தைந்தாகிவிட்டது. இந்த மெஷினைச் செய்தவர்கள் ஊரில் கரண்டே போகாது போலிருக்கிறது. மெஷின் கம்பெனிக்கு எழுதினேன், திருத்திவிட்டார்கள். அண்ணனிடம் காட்டினேன். "பாவம் அந்தப் பொண்ணு" என்றான். ஆஸ்பத்திரியிலும் அவளைத் திரும்ப வரச் சொல்லலாம் என்றார்கள்.

விசாரித்துக்கொண்டு போனேன். விழுப்புரத்திலேயே ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ புடவையை மடித்தபடியே, "இல்லக்கா, நான் அமுக்கியிருக்க மாட்டேன். எல்லாரும் சொன்னப்புறம் நானும் யோசிச்சுப் பாத்தேன். அவசரத்துல உட்டுட்டேன் போலருக்கு. இனிமே மருந்தைத் தொட பயமா இருக்குக்கா" என்றாள்.

திரும்பத் திரும்ப விளக்கினேன். எனக்காகத் தலையாட்டினாள், அவ்வளவுதான்.

இப்போதும் ஒரு மெஷினைப் பாதுகாப்பானது என்று எழுதிக் கொடுக்கும்போதெல்லாம், செய்யாத தப்பைத் தன்னுடையது என்று நம்பிவிட்ட அவள் முகம்தான் முன்னால் வருகிறது. அவள் தன்னை நம்பிக்கொண்டிருந்தபோதே அவளிடம் போய்ச் சொல்ல முடியவில்லையே என்பது எனக்கு ஆறவே இல்லை.