மீந்துபோன பாதி ரொட்டி

அரைத்த கடுகின் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவழைக்கும். கச்சேரி ரோட்டில் இருந்த அந்த "சாண்ட்விச்" கடையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வாசனைதான். அடையாற்றில் ஒரு துரை பங்களாவில் பட்லராக இருந்தவர், துரை சீமைக்குப் போன பிறகு, நாலு பெஞ்சைப் போட்டு அதை நடத்தி வந்தார். நாங்கள் சாந்தோமில் குடியிருந்த கிறிஸ்துவக் குடும்பம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவுக்கு வீட்டை விட்டால் கோயில், கோயிலை விட்டால் வீடு. ஒரு நாளாவது வெளியே உட்கார்ந்து, வேறு யாராவது பரிமாறச் சாப்பிட வேண்டும் என்பது அவளுக்கு வெகுநாள் ஆசை. "லீவு வரட்டும்" என்றே அப்பா தள்ளிக்கொண்டு வந்தார்.

லீவு வந்தது, பக்ரீத்துக்கு. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாதிரிதான். அப்பா மத்தியானம் தூங்கி எழுந்து சலவை வேட்டி கட்டினார், அம்மா பூசைக்கு உடுத்தும் பட்டுப்புடவையை எடுத்தாள், என்ன கிழமை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெஞ்சு ஆடியது, டீயில் புகை நாறியது, ஈ ஓட்டியே கை வலித்தது. ஆனால் அந்த ரொட்டி! மெல்லிய இரண்டு துண்டு, நடுவே ஆட்டுக்கறி, அதன்மேல் அந்தக் கடுகு. அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஓரத்தையெல்லாம் வெட்டிட்டீங்களே, அத இன்னா பண்ணுவீங்க?" என்று பட்லரைக் கேட்டாள்.

"கோழிக்குப் போட்ருவோம்மா. தொரைங்க ஓரம் துன்னமாட்டாங்க."

"நல்லா இருக்குதே ஞாயம்! எங்களப் பாத்தா தொரை மாதிரியா இருக்குது?"

வெளியாள் எதிரில் அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. முதல் கடியில் கண் கலங்கிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி கடித்தாள்.

பாதி தின்றிருப்பாள், கோயில் மணி மெதுவாக, விட்டுவிட்டு அடித்தது. ஆண்டவர் உயிர்விட்ட மூன்று மணியை நினைத்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அடிக்கிற மணி அது. வெள்ளிக்கிழமை எங்களுக்குச் "சுத்தபோசனம்". கறி வாயில் படக்கூடாது. அம்மா, "ஐயோ, வெள்ளிக்கெழமைங்க!" என்று வாயில் இருந்ததைக் கையில் துப்பினாள், மீதியைத் தட்டில் வைத்துவிட்டாள். "தெரியாமத்தானே" என்று அப்பா முணுமுணுத்தது அவள் காதில் விழவில்லை.

பட்லர் ஓடிவந்தார். "இன்னாம்மா, கறி கெட்டுப்போய் கீதா? காலைலதாம்மா வாங்கியாந்தேன்." அவருக்கு ஒரு வார்த்தை பதில் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம். அவர் அந்தத் தட்டை எடுத்து முகர்ந்து பார்த்தபடி நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போகலாம் என்று அப்பா எத்தனையோ முறை கூப்பிட்டார். அந்த மனுஷர் முகத்தில் எப்படி முழிப்பது என்று அம்மா மறுத்தே வந்தாள். அப்புறம் கடையே இல்லாமல் போயிற்று.

தலையெல்லாம் நரைத்த பிறகு ஒரு நாள், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் தானாகவே சொன்னாள்: "அந்தப் பாவத்தப் பாவசங்கீர்த்தனத்துல சொன்னதுக்கு சாமியாரு மூணு மந்திரம் சொல்லச் சொன்னாரு. பாதி துன்னதுக்கும் அதான், முழுசா துன்னிருந்தாலும் அதான். துன்னுட்டே வந்திருக்கலாம்டி."

இப்போது அந்த இடத்தில் வேறு ஏதோ கடை. மணி அடித்தாலும் பஸ் சத்தத்தில் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை கறி தின்றால் ஏனென்று கேட்பாரும் இல்லை. அந்த மீதிப் பாதியைத் தின்ன அம்மாதான் இல்லை.