மூன்று ஞாயிறு வாசித்த அறிவித்தல்

எங்கள் பிரதேச சபைக் கந்தோர் வாசலில் ஒரு விளம்பரப் பலகை இருந்தது. கண்ணாடிக் கதவும் சின்னப் பூட்டும் போட்ட பலகை. உப்புக்காற்றில் பூட்டு துருவேறி, திறப்பைப் போட்டால் ஒருபாடு மல்லுக்கட்டித்தான் திறக்கும். காலை வெயில் நேரே அதன்மேல் விழுவதால், உள்ளே குத்திய தாள்களில் எழுத்து மெல்ல மெல்ல மங்கி, கடைசியில் வெறுந்தாள் தொங்கும். மன்னார்க் கழுதைகளுக்கு மட்டும் அந்தப் பலகையில் தனிப் பிரியம். அதன் காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிழலில் நிற்கும். நான் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் அதை நின்று வாசித்த மனிதரைவிட அதில் உரசிய கழுதைகளே அதிகம். இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்தப் பலகையால் எங்கள் ஊரின் கடற்கரை கைவிட்டுப் போகப் பார்த்தது. போகவிடாமல் மறித்தவர் என் மச்சாள்.

மச்சாள் என் கணவரின் அக்கா. கலியாணம் கட்டாதவர். எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் உள்ள வெளிக்கரையில், ஊர்ப் பெண்கள் பலரோடு சேர்ந்து கருவாடு காயவிட்டுச் சீவித்தவர். நான் வங்காலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த நாள் முதல் எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. நான் சேலை உடுத்து வேலைக்குப் போவது அவருக்குப் பெரிய பகிடி. "கந்தோர்க்காரி வாறா, வழி விடுங்கோ" என்று படலையடியில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவார். எனக்கும் வாய் சும்மா இராது. அந்த வருடம் நாங்கள் இருவரும் முகம் பார்த்துக் கதைப்பதையே விட்டிருந்தோம்.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை வெளிக்கரை முழுவதும் சிவப்புச் சாயம் பூசிய கட்டைகள் நட்டுக் கிடந்தன. கருவாட்டுப் பாய்களுக்கு நடுவிலும் கட்டை. யாரோ உல்லாச விடுதி கட்டுவதற்கு அந்தத் துண்டை நீண்ட குத்தகைக்குக் கொடுக்கப் போவதாகக் கதை வந்தது. பெண்கள் திரண்டு சபைத் தலைவரான தவிசாளரிடம் வந்தார்கள். அவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்தான், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர்.

"அறிவித்தல் போட்டுத்தானே செய்தனாங்கள். ஒருத்தரும் ஆட்சேபிக்கேல்லை. இப்ப வந்து கத்தினால் நான் என்ன செய்யிறது?" என்றார்.

பெண்கள் ஆளையாள் பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஒரு விஷயம் ஊருக்குச் சொல்லப்பட்டது என்றால் அது கோயிலில் வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். கலியாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசை முடிய, கோயில் காரியம் பார்க்கும் மூப்பர் எழுந்து பெண், மாப்பிள்ளை பெயர்களை வாசித்து, தடை தெரிந்தவர்கள் பங்குச் சுவாமிக்கு அறிவிக்க வேண்டும் என்பார். கடலுக்குப் போகக் கூடாத நாள், தொலைந்த தோணி எல்லாமே அங்கேதான். கோயிலில் கேளாத ஒன்றை அவர்கள் அறிவித்தல் என்று நினைத்ததே இல்லை. கந்தோரோ, பலகையில் போட்டுவிட்டு ஊர் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டது.

அடுத்த நாள் மச்சாள் தனியே வந்து என் மேசை முன் நின்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்து கொஞ்சக் காலம்தான். ஒருவரும் விரும்பாத வேலை என்பதால் தகவல் அலுவலர் என்ற பெயரை என் தலையில் கட்டியிருந்தார்கள். வீட்டில் என்னை 'நீ' என்று கூப்பிடுகிறவர், அன்று யாரோ பிறத்தியாருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"வெளிக்கரைக் குத்தகையைப் பற்றி உங்கடை கந்தோரிலை இருக்கிறதெல்லாம் எனக்கு வேணும். ஏன் எண்டு நீங்கள் கேக்கேலாதாம், சட்டத்திலை இருக்காம்."

"ஓம், கேக்கமாட்டன். இருங்கோ" என்று கதிரையைக் காட்டினேன். அவர் இருக்கவில்லை. விண்ணப்பத்தை எடுத்து முத்திரை குத்தி, பற்றுச்சீட்டைக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் தவிசாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பைல் கந்தோரிலை இல்லை எண்டு எழுதிக் குடுமன், தங்கச்சி. உம்மடை மச்சாள்தானே, வீட்டிலை சொல்லி ஆறப்போடலாம்." பிறகு, "இலுப்பைக்கடவைப் பக்கம் ஒரு வெற்றிடம் கிடக்காம். தூரம். உமக்குச் சின்னப் பிள்ளையள் வேறை" என்றார், எனக்காக மிகவும் கவலைப்படுகிறவர் போல.

பைல் என் அலுமாரியில் இருந்தது. திறப்பு என் கைப்பையில் இருந்தது. கணவர் கடலுக்குப் போகிறவர். மாதம் தப்பாமல் வருவது என் சம்பளம் ஒன்றுதான். பொய் எழுதலாமா என்று நான் யோசிக்கவில்லை, யோசித்ததெல்லாம் விடியக்காலை எந்த பஸ்ஸைப் பிடிப்பது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதைத்தான். எனக்குக் கோபமும் வந்தது. மச்சாள் மேல் ஆயிரம் வழக்கு இருக்கலாம், அதற்காக என் கையால் இல்லாததை எழுதுவிக்க இவர் யார்? மறுநாள் பைலைப் பிரதியெடுத்து, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வைத்து மச்சாளிடம் கொடுத்தேன்.

மச்சாள் கந்தோர் வாசலில், அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்றே வாசித்தார். குத்தகை இன்னும் முடிவாகவில்லை. வரும் மாதச் சபைக் கூட்டத்தில்தான் இறுதி அனுமதி. அதுவரை ஆட்சேபனை கொடுக்கலாம். வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடிக்குள்ளே வெளுத்துக் கிடந்த மூல அறிவித்தலைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. நேரே மூப்பர் வீட்டுக்குப் போனார்.

அங்கே நடந்ததை மூப்பரே பிறகு எனக்குச் சொன்னார். "பிள்ளை, அது கலியாணம் வாசிக்கிற இடம். கந்தோர்ப் பேப்பரை எப்பிடி வாசிக்கிறது?" என்று அவர் தயங்கியிருக்கிறார். மச்சாள் சொன்னாராம்: "என்ரை பேர் ஒருநாளும் அங்கை வாசிக்கேல்லை. அந்தக் கரையின்ரை பேரையாவது வாசியுங்கோ." மூப்பர் தாளை வாங்கிக்கொண்டு சுவாமியிடம் போனார். சுவாமியும் சம்மதித்தார்.

முதல் ஞாயிறு சனம் விளங்காமல் கேட்டது. இரண்டாம் ஞாயிறு கோயில் வாசலில் ஒரே கதை. மூன்றாம் ஞாயிறு தவிசாளர் முன் வரிசை வாங்கில் இருந்தார். மூப்பர் எல்லைகளை ஒவ்வொன்றாக வாசித்து, "தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும்" என்று நிறுத்தினார். எங்கள் கோயிலில் அந்த இடத்தில் யாரும் எழுந்ததே கிடையாது. பெண்கள் பக்கம் மூன்றாவது வாங்கில் மச்சாள் எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சும்மா நின்றார். அவருக்குப் பின்னால் ஒருத்தி எழுந்தாள். பிறகு வாங்கு வாங்காக எழுந்தார்கள். நானும் எழுந்தேன். தவிசாளர் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவியும் நின்றுகொண்டிருந்தார்.

சபைக் கூட்டத்தில் அந்தக் குத்தகையைக் கைவிடுவதாகத் தவிசாளரே முன்மொழிந்தார். அடுத்த வாரம் எனக்கு இலுப்பைக்கடவைப் பக்கம் இடமாற்றம் வந்தது. செய்தி தெரிந்த பின்னேரம் மச்சாள் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். உள்ளே வந்து இருக்கவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை.

"பிள்ளையளை என்னட்டை விட்டிட்டு நீ போ" என்றார். அவ்வளவுதான்.

நான் வருடக்கணக்கில் விடிய முன் போய்ப் பொழுதுபட வந்தேன். என் பிள்ளைகள் கருவாட்டு வாசத்தோடு வெளிக்கரையில் வளர்ந்தார்கள். அதன் பிறகும் நாங்கள் சண்டை பிடிக்காமல் இருக்கவில்லை. ஆனால் முகம் பார்த்துப் பிடித்தோம்.

போன வருடம் மச்சாள் காலமானார். ஞாயிறு பூசை முடிய மூப்பர் அவருடைய பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு வாசித்தார். அந்த இடத்தில் அவர் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வாய்விட்டு அழுதேன்.

இப்போது நான் பழைய கந்தோருக்கே திரும்பி வந்துவிட்டேன். பலகை புதிது, கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. கழுதைகள் அதையும் விடுவதாக இல்லை. திறப்பு என்னிடம்தான். ஒவ்வொரு அறிவித்தலையும் உள்ளே குத்திப் பூட்டிவிட்டு, அதன் பிரதிகளைக் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் கொடுத்தனுப்புவேன். சட்டத்தில் அப்படி இல்லை என்று புதிதாக வந்தவர்கள் சொல்லுகிறார்கள். ஓம், இல்லைதான். ஞாயிறு மூப்பர் வாசித்து முடித்து, "தடை தெரிந்தவர்கள்" என்று நிறுத்தும்போது, பெண்கள் பக்கம் மூன்றாவது வாங்கில் இருக்கும் நான், யாராவது எழுகிறார்களா என்று எதற்கும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.