மருமகப்புள்ள வண்டி

"...பெட்ரோல் காரு சின்னப்புள்ள மாதிரி, தெனம் காசு கேட்டு அழும். கரண்டு காரு மருமகப்புள்ள சார். தெனம் ஒண்ணும் கேக்காது; கேட்டா வீட்டையே கேக்கும்" என்கிறார் வாடகைக் கார் ஓட்டும் பாய்.

உவமை பிரமாதம். சிரிக்கத்தான் முடியவில்லை, அவர் முகம் அப்படி. தனுஷ்கோடியிலிருந்து இராமநாதபுரம் திரும்புகிறோம். என்றைக்கும் இல்லாத வேகத்தில் சார்ஜ் இறங்குகிறது. பெட்ரோலுக்கு அறுநூறு ரூபாய் ஆன தூரம் கரண்டில் நூறு ரூபாயோடு முடிகிறதாம். அந்த மிச்சத்தில்தான் மகளைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறார். பேட்டரி போய்விட்டால் மிச்சமெல்லாம் அதற்கே சரியாகிவிடும். பாம்பன் பாலம் தாண்டியதிலிருந்து இதே கவலைதான்.

உச்சிப்புளி நெருங்கும்போது எனக்குச் சட்டென்று உறைக்கிறது.

"பாய், காலையில மணல்ல மாட்டுனப்ப நாலு டயர்லயும் காத்தை இறக்கி விட்டீங்களே, திரும்ப அடிச்சீங்களா?"

வண்டி ஓரமாக நிற்கிறது. இறங்கிப் போய் டயரை உதைத்துப் பார்க்கிறார். பக்கவாட்டில் பிதுங்கி நிற்கிறது.

"அல்ஹம்துலில்லாஹ்! தொப்பையத் தரையில தேய்ச்சுக்கிட்டு ஓடிருக்கு சார். சார்ஜ் குடிக்காம என்ன செய்யும்?" நெஞ்சில் கைவைத்துச் சிரிக்கிறார்.

காற்றடிக்க எதிரே இருப்பது ஒரு பெட்ரோல் பங்கு மட்டும்தான். சிரிப்பு பாதியில் நிற்கிறது.

"இனிமே இந்த வாசல மிதிக்க மாட்டேன்னு அங்கன எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்தேன் சார். ஓட்டியே கொன்னுருவாங்க."

பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஹாரனை நீளமாக அடித்தபடியே வண்டியைப் பங்குக்குள் விடுகிறார்.