ராசம்மா அக்கா சொன்ன விளையாட்டு

ஞாயிறு காலை ராசம்மா அக்காவின் மகள் பசறையிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க ஐயா. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள…" அக்காவிடம் கேட்காமலே விட்டுவிட்ட மன்னிப்புதான் முதலில் நினைவுக்கு வந்தது.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஹாலிஎலவுக்கு மேலே நான் மேற்பார்வை பார்க்கும் சிறு பண்ணைக்கு ஆடு மேய்க்க வந்தார். சுற்றுலாப் பயணிகள் பார்க்கவென்று முதலாளி ஒட்டகச் சாதியான இரண்டு அல்பாக்காக்களைக் கொண்டுவந்து இறக்கியபோது, அந்த நீண்ட கழுத்தையும் கம்பளி உடம்பையும் கண்டு நாங்கள் எட்டி நின்றோம். அக்கா கிட்டப் போனார். "மூஞ்சில துப்புனா தொடச்சிக்கிட்டாப் போச்சு" என்று சிரித்தார்.

ஒரு மாதத்தில் ஆடுகளும் அவையும் சேர்ந்து மேய்ந்தன. ஒரு நாள் ஆட்டுக்கிடாய் ஒன்று அல்பாக்காவை முட்டப் பாய்வதையும், அது திரும்பித் துரத்துவதையும் கண்டு பதறிப்போனேன்.

"சண்டை இல்லீங்க ஐயா. முட்டுறதுக்கு முன்னாடி நின்னு பாக்குது பாருங்க. சண்டைன்னா நிக்குமா? மொற வச்சு வெளையாடுதுங்க" என்றார் அக்கா.

நான் கேட்கவில்லை. நடுவே கம்பி வேலி போட்டேன். மறுநாள் மாலை அக்கா அதை அவிழ்த்துவிட்டார்.

தோட்டத்துப் பழக்கத்தில் எங்கள் பண்ணையிலும் காலையில் பெரட்டு உண்டு. எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பேன். அடுத்த நாள் பெரட்டில், என்னைவிட மூத்தவரான அக்காவை, "அவுக்கச் சொன்னது யாரு? நீ என்ன டாக்டரா?" என்று ஏசினேன். கம்பியை மறுபடி இழுத்துக் கட்டி, அவரைப் புல் வெட்ட அனுப்பினேன்.

அதன்பின் அல்பாக்காக்கள் வேலியோரமே நின்றன, சரியாகத் தின்னவில்லை. அக்கா சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எல்லார் முன்னாலும் ஏசிவிட்டு இறங்கிவர வீறாப்பு விடவில்லை. புல்லுக்கட்டோடு போகும்போதெல்லாம் அக்கா, "அதுக தின்னுச்சாங்க ஐயா?" என்று கேட்பார்.

"தின்னுச்சு" என்று பொய் சொல்வேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பார்வை இப்போதும் சுடுகிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் கம்பியைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் அப்படியே நின்றன. பிறகு கிடாய் வந்து, நின்று பார்த்து, மெல்ல முட்டியது. அல்பாக்கா நாலு காலும் தரையில் படாமல் துள்ளியது.

இன்று காலைப் பெரட்டில் முதலில் ராசம்மா அக்காவின் பெயரைக் கூப்பிட்டேன். எல்லாரும் தலை குனிந்தார்கள். "அன்னைக்கு அக்கா சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது" என்றேன். அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் யாரும் நிற்கவில்லை.

போய் வாருங்கள், அக்கா. அதுகள் இன்று நன்றாகத் தின்றன. இந்த முறை பொய் இல்லை.