மஞ்சள் குஞ்சுகளுக்கு ஊதாப் பூச்சு

போன வருடம், பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் நடந்தது இது. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் வழியில், முன்பு ரப்பர் பால்மரத் தோட்டமாக இருந்து இப்போது பாதி எண்ணெய் எடுக்கிற செம்பனையாகவும் பாதி தாமான் குடியிருப்பு வீடுகளாகவும் மாறிவிட்ட ஓர் இடம். அங்கே கோயிலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டேவான், பொது மண்டபம், இருக்கிறது. என் தோழியின் தங்கைக்கு அங்கேதான் சடங்கு வைத்திருந்தார்கள். நான் சும்மா விருந்து சாப்பிடப் போகவில்லை. கேக் பாப் செய்து அடுக்குகிற பொறுப்பை வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

அந்தச் சமயத்தில் எனக்குக் கேக் பாப் பைத்தியம் பிடித்திருந்தது. கேக்கை உதிர்த்து, கொஞ்சம் கிரீம் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, குச்சி செருகி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுக்க வேண்டும். அவ்வளவுதான். லட்டு பிடிக்கத் தெரிந்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். முதல் தடவை உருண்டையெல்லாம் குச்சியை விட்டு வழுக்கிக்கொண்டு தட்டில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த தடவை சாக்லேட்டில் எங்கிருந்தோ ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து, மொத்தமும் சேறு மாதிரி திரண்டுவிட்டது. உருண்டை ரொம்பச் சில்லென்று இருந்தால் பூச்சு காய்ந்த பிறகு வெடிக்கும். சூடாக இருந்தால் குச்சியில் நிற்காது. நம் ஊர் புழுக்கத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

நான் கண்டுபிடித்துவிட்டேன். அதுதான் பிரச்சினையே. அதன் பிறகு யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் என் கண் முதலில் கேக்கில் விரிசல் இருக்கிறதா என்றுதான் தேடும். "வந்துட்டாங்க லா, பூச்சு இன்ஸ்பெக்டர்" என்று தோழிகள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

சடங்குக்கு முந்தின நாள் தோழி போன் செய்தாள். மேடை, பூ, பாவாடை எல்லாம் ஊதாவும் தங்கமும். அதனால் கேக் பாப்பும் அதே நிறத்தில் வேண்டும். எல்லாம் பேசி முடித்துவிட்டு, "நானும் கொஞ்சம் செஞ்சு பார்த்தேன்டி, கேவலமா வந்திருக்கு. டேவான் பிரிட்ஜ்ல வச்சிடுறேன், நீ வந்து சரி பண்ணிடு" என்றாள்.

"அதெல்லாம் சரி பண்ணிடலாம்லா" என்றேன். இந்த வார்த்தையைச் சொல்வதற்காகவே பிறந்தவள் மாதிரி அப்போது சுற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் என் தட்டுகளைக் காரில் இருந்து இறக்கி டேவான் சமையலறைக்குக் கொண்டுபோனேன். சமையலுக்கு வந்திருந்த அக்கா பெரிய சட்டியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். ஊதா சாக்லேட்டை உருக்கி வைத்துவிட்டுப் பிரிட்ஜைத் திறந்தால், நீல மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"இது காலையில வச்சதாக்கா?"

"யாரோ வச்சிட்டுப் போனாங்க. நான் கவனிக்கல. நீங்க கேட்டதுதானே?"

நான் கேட்டதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மூடியைத் திறந்தேன். உள்ளே மஞ்சள் உருண்டைகள். சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் பூச்சு வெடித்து, சின்னச் சின்னக் கோடு ஓடியிருந்தது. உருண்டை உருண்டையாகவும் இல்லை, மாங்காய் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உற்றுப் பார்த்த பிறகுதான் அது கோழிக்குஞ்சு என்று புரிந்தது. ஆரஞ்சு ஜெல்லி மிட்டாயை வெட்டி அலகு வைத்திருந்தது. சாக்லேட் புள்ளியில் கண். அந்தக் கண்ணாவது ஒழுங்காக இருக்கிறதா? ஒன்று பெரிது, ஒன்று சிறிது. எல்லாக் குஞ்சுக்கும் அப்படியே.

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் என் கை ஒரு கணம் நின்றது. என் தோழிக்குச் சட்டைப் பொத்தான் தைக்கக்கூடப் பொறுமை கிடையாது. அவளா உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் அலகு வெட்டி ஒட்டினாள்? ஊதா வேண்டும் என்று அத்தனை தடவை சொன்னவள் எதற்கு மஞ்சளில் செய்தாள்? கேள்வி வந்தது. போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவள் அந்நேரம் அலங்காரத்தில் இருப்பாள், என் கையிலோ சாக்லேட் சரியான பதத்தில் இருந்தது. சாக்லேட் காத்திருக்காது.

கத்தியின் முதுகால் கண்களையும் அலகுகளையும் சுரண்டினேன். வெடித்த இடங்களைக் கொஞ்சம் கிரீம் வைத்து அடைத்தேன். ஊதாவில் முக்கினேன். மஞ்சள் உள்ளிருந்து லேசாகத் தெரிந்தது, அதனால் காயவிட்டு இன்னொரு தடவை முக்கினேன். மேலே தங்க மணிகளைத் தூவி, நான் கொண்டுவந்தவற்றோடு கலந்து, மூன்றடுக்குத் தாங்கியில் குத்தி நிறுத்தினேன். எது தோழியுடையது, எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு கச்சிதம். சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தேன். டப்பாவையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

வெளியே உறுமிக்காரர்கள் தோலைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்போது பட்டுச் சட்டையும் வேட்டியுமாக ஒருவர் சமையலறைக்குள் வந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். கையில் காகிதப் பூவேலை விரித்த ஒரு வெறும் தாம்பாளம்.

"தங்கச்சி, இங்க ஒரு டப்பா வச்சிருந்தேன். நீல மூடி."

கழுவும் தொட்டிப் பக்கம் கவிழ்ந்து கிடந்த டப்பாவை அவரே பார்த்துவிட்டார். எடுத்து நிமிர்த்தி, உள்ளே இன்னும் ஏதோ மிச்சம் இருக்கும் என்பது போல எட்டிப் பார்த்தார்.

"உள்ள இருந்தது?"

"அதுவா அண்ணே, பூச்செல்லாம் வெடிச்சிருந்துச்சு. நான் சரி பண்ணிட்டேன், பாருங்க" என்று தாங்கியைக் காட்டினேன். அந்த நொடியில்கூட அவர் பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் தாங்கிக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தார்.

"இதுல எதும்மா என்னோடது?"

ஒன்றிரண்டைத் திருப்பிப் பார்த்தேன், எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது.

"நீங்க... யாருண்ணே?"

"பாப்பாவோட மாமா."

தோழி அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மாவுக்கு ஒரே தம்பி. தோட்டத்தை விற்று தொழிலாளர் லயத்து வீடுகளைக் காலி செய்தபோது அக்காவுக்கும் தம்பிக்கும் ஏதோ பேச்சு முற்றி, அவர் தேங்காய்க்குப் பேர்போன பாகான் டத்தோ பக்கம் செம்பனை ஆலையில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் வந்ததில்லை. தாய்மாமன் இல்லாமல் சடங்கு எப்படி என்று இந்தத் தடவை அவள் அம்மாதான் முதலில் இறங்கி வந்து போன் செய்திருந்தார். மாமன் சீர்த் தட்டுகளோடு வந்து, மாலை போட்டு, முதல் இனிப்பைத் தன் கையால் கொடுக்க வேண்டும். அந்த முதல் இனிப்புதான் நீல மூடி டப்பாவில் இருந்தது.

"கடையில வாங்கியிருக்கலாம்" என்றார் அவர், தப்பு அவருடையது மாதிரி. "போன்ல வீடியோ பார்த்து நானே செஞ்சேன். நான் போனப்ப அவ சின்னப் பிள்ளம்மா. தோட்டத்துல ஒரு கோழிக்குஞ்சு வச்சிருந்தா. அதுக்கு ஒரு கண்ணு சின்னது. அதைச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டுத்தான் என் மோட்டார்ல ஏறுவா. என் மூஞ்சி மறந்திருக்கும். குஞ்சு மறந்திருக்காதுன்னு நெனச்சேன்."

ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. அது கை பிசகினது இல்லை. அந்த மொத்த டப்பாவிலும் அவர் நினைத்தபடியே வந்திருந்தது அந்தக் கண்கள் மட்டும்தான் போலிருக்கிறது. அதைத்தான் நான் முதலில் சுரண்டினேன்.

"அண்ணே, கொஞ்ச நேரம் குடுங்கண்ணே, திரும்ப செஞ்சிடுறேன்" என்று ஓடிப்போய்ப் பைகளைக் கொட்டினேன். ஊதா இருந்தது. தங்கம் இருந்தது. மஞ்சள் இல்லை. சமையல் அக்காவின் மஞ்சள் தூளைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். வெளியே உறுமி முழுசாக இறங்கியது.

"விடும்மா. வாயில போனா எல்லாம் கேக்குதானே" என்றார். தாங்கியிலிருந்து ஊதா உருண்டைகளை எடுத்துத் தன் தாம்பாளத்தில் தானே அடுக்கிக்கொண்டார். கறை படாமல் இருக்க வேட்டியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

நான் பின்னாலேயே போனேன். சீர்த் தட்டுகள் வரிசையாக மேடை ஏறின. மாலை போட்டார். தாம்பாளத்தில் இருந்து ஒரு கேக் பாப்பை எடுத்துப் பெண்ணிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மரியாதையாக, "தேங்க் யூ அங்கிள்" என்றாள்.

"மாமான்னு சொல்லுடி" என்று அவள் அம்மா காதோரம் சொன்னார்.

"தேங்க் யூ மாமா."

பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டு, கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தாள். கையிலிருந்த ஊதா உருண்டையை உயர்த்திக் காட்டி, "சூப்பர்க்கா!" என்றாள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார், சிரித்தார்.

ஆரத்தி எடுத்து முடித்ததும் தோழியை இழுத்து வைத்துச் சொன்னேன். "அய்யய்யோ, என்னோடது வீட்டுலயே இருக்குடி. எடுத்துட்டு வர மறந்துட்டேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அவரைத் தேடி ஓடினோம். கார் நிறுத்தும் இடத்தில் ஆள் இல்லை. ஆலையில் ஷிஃப்ட் இருக்கிறது என்று சமையல் அக்காவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பியிருக்கிறார். தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பரிமாற வேண்டும் என்று தோழியின் அம்மா ஓர் இலையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். நான் அவரிடமும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "உனக்கு எப்படிம்மா தெரியும்" என்று சொல்லிவிட்டு, அந்த இலையை மறுபடி கட்டோடு சேர்த்து வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது பெண் என்னிடம் வந்தாள். கையில் பாதி கடித்த கேக் பாப்.

"அக்கா, இதுல மட்டும் தேங்காப்பூ இருக்கு. ஏன்?"

வாங்கிப் பார்த்தேன். வெளியே ஊதா. அதற்குள்ளே மெல்லியதாக ஒரு மஞ்சள் கோடு. அதற்கும் உள்ளே பாகான் டத்தோ தேங்காய். இது உங்க மாமா செஞ்சது, நான்தான் மேல பூசிட்டேன், உள்ள மஞ்சள்ல கோழிக்குஞ்சு இருந்துச்சு என்று சொன்னேன்.

அவள் அந்த மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சு."

"ஒன்னு சின்னதா?"

தலையை ஆட்டினேன்.

"அப்போ அது என்னோட குஞ்சு" என்றாள். மேடையில் மாமன் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரோ நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தார்கள். "போட்டோ காட்டுங்கக்கா, பார்க்கணும்."

போனை எடுத்துப் படங்களைத் தள்ளினேன். தாங்கி, மேலிருந்து. தாங்கி, பக்கவாட்டில். தங்க மணிகள், கிட்டத்தில். தள்ளத் தள்ள ஊதாவாகவே வந்தது. சாப்பாட்டை ஆறவிட்டுப் படம் எடுக்கிற ஆள் நான். அந்தக் குஞ்சுகளை மட்டும் எடுக்கவில்லை. எடுக்கிற அளவுக்கு அது அழகாக இல்லை என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அவள் மாமாவுக்குப் போன் செய்தாளாம். நன்றாகத்தான் பேசினாராம். குஞ்சு திரும்ப செய்வீங்களா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்டா" என்றாராம். அவர் இன்னும் வரவில்லை. தோழியின் அம்மா தீபாவளிக்குக் கூப்பிட்டார், வேலை என்று சொல்லிவிட்டார். நான் காரணமா, பழைய கோபம் காரணமா, உண்மையிலேயே வேலையா என்று யாருக்கும் தெரியாது. நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய விஷயமில்லம்மா என்று தோழியிடம் சொல்லி அனுப்பினார்.

அந்தக் குஞ்சுகளை நானே செய்து பார்த்தேன், ஒரு தடவை அல்ல. மஞ்சள் பூச்சு, ஜெல்லி அலகு, தேங்காய்ப்பூ எல்லாம் சரியாக வருகிறது. வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்க்கிறேன், ஒரு கண்ணைச் சிறிதாக வைக்கிறேன். தோழியின் தங்கையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அழகா இருக்குக்கா" என்றாள். தன் குஞ்சை அடையாளம் கண்டுகொண்ட முகம் இல்லை அது.

இப்போதும் கேக் பாப் செய்கிறேன். இப்போதும் விரிசல்தான் என் கண்ணில் முதலில் படுகிறது, அந்தப் புத்தி போகவில்லை. ஆனால் கோணலாக ஏதாவது ஒன்று என் முன்னால் வரும்போதெல்லாம், தாங்கிக்குப் பக்கத்தில் வேட்டியை ஒதுக்கிப் பிடித்தபடி நின்ற ஒருவர் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து, இதில் எது என்னுடையது என்று கேட்கிறார்.