குரங்கணி ஏற்றத்தில் பெட்ரோல் வாடை

இன்று குரங்கணி ஏற்றத்தில், என் வீட்டுக்காரரின் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் பெட்ரோல் வாடை. மடியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு மட்டும் எப்பப் பாரு ஏதாவது வாடை அடிக்கும்" என்றார். கத்தி நிறுத்தவைத்தேன்.

பானெட்டைத் திறந்தால், கொதிக்கிற இன்ஜினுக்குப் பக்கத்திலேயே, வெடித்த ரப்பர் குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இன்ஜின் ஆறியதும், வெடித்த நுனியை அறுத்துவிட்டுக் குழாயைத் திரும்ப மாட்டி இறுக்கினார். "சொட்டு நின்னுருச்சு, வெரசா வந்து ஏறு."

"செத்தாலும் ஏறமாட்டேன்."

போடிக்கு இறங்கிவந்த எஸ்டேட் ஜீப்பை மறித்து ஏறினேன். வளைவுக்கு முன்னால் டிரைவர் திரும்பினார்: "பாப்பாவ இறுக்கிப் பிடிச்சுக்கங்கக்கா. பிரேக்கு கொஞ்சம் லேட்டாத்தான் பிடிக்கும்."

ஒருவழியாகப் பாப்பாவோடு வீடு வந்து சேர்ந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் எதில் ஏறியிருப்பீர்கள்?