பேட்டரிக்குப் பிடித்த மழை

அப்போது வேனில் தேயிலைத் தோட்டம் தோட்டமாகத் துணி விற்றேன். ஹேவாஹெட்டயில் ஒரு காலை பேட்டரி வறண்டு, எஞ்சின் கிளம்பவில்லை. கட்டுகஸ்தோட்டை வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம்.

“கிணத்துத் தண்ணி ஊத்தினா பேட்டரி கெட்டுப்போகும். தகரத்துல படாத மழைத்தண்ணிதான் வேணும்,” என்று புலம்பினேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண் ஒருத்தி, மகன் கல்யாணத்துக்கென்று என்னிடம் வாங்கிய வெள்ளை வேட்டியை எடுத்து வந்து, மழையிலேயே அலசினாள்.

“புதுசு போயிருமே, அக்கா!”

“கஞ்சி போகணும்ல, தம்பி. அங்க புள்ள பொறக்கப் போகுது.”

நான்கு கம்புகளில் வேட்டியைக் கட்டி, நடுவில் வடிந்த நீரைப் பீங்கானில் பிடித்தோம். அதை பேட்டரியில் ஊற்றி, சரிவில் வேனைத் தள்ளியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மகள் பிறந்தாள். புது வேட்டியோடு அந்த அக்காவிடம் போனேன், வாங்கவில்லை.

“அதத்தான் எம்மகன் கட்டுவான். ராசியான வேட்டி.”

கல்யாணத்தில் நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததாகவே நினைவில்லை.